வகுப்பறையில் கதை: சொல்வது யார், கேட்பது யார்?

1855இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் முக்தா சால்வே எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. மாங் சாதியில் பிறந்து, புனேயில் சாவித்ரிபாய் - ஜோதிராவ் புலே நடத்திய பள்ளியில் படித்த சிறுமி அவர். மாங், மகர் மக்களின் துயரத்தைச் சொல்லும் அந்தக் கட்டுரை துயரத்தோடு நிற்பதில்லை. வேதம் பார்ப்பனருக்கு மட்டுமே உரியதென்றால் அந்த மதம் எப்படி எங்களுடையதாகும் என்று தர்க்கம் பண்ணுகிறது. பல்கலைக்கழகங்களில் 'அனுபவப் பகிர்வு', 'சக மாணவரிடம் கற்றல்' என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிறுமிதான் ஞாபகம் வருகிறார்.

மாணவரை வெற்று வங்கிக் கணக்காகப் பாவிக்கும் கல்வியைப் பாவ்லோ ஃப்ரெய்ரே சாடியதை நண்பர்கள் அறிவார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான். வட்டமா உக்காந்து ஆளுக்கொரு கதை சொன்னா அதிகாரம் போயிடுமா? நான் பார்த்தவரை, வட்டம் போட்டதும் எல்லாக் கண்களும் தலித் மாணவர் பக்கமே திரும்புகின்றன. அவர் சொல்கிறார், மற்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976) பாவசங்கீர்த்தனம் பற்றி ஃபூக்கோ சொல்வதும் இதைத்தான்: அதிகாரம் இருப்பது மௌனமாகக் கேட்பவரிடம். கேட்பவருக்கும் கதை உண்டு. அதைச் சொல்லியாக வேண்டிய நெருக்கடி அவருக்கு வருவதில்லை. சாதி தரும் சௌகரியம் இது.

என் எம்.ஏ. வகுப்பில் வலியைச் சொல்லச் சொல்வதில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி: உங்க வீட்டு அடுக்களை வரைக்கும் யார் யார் வரலாம்? முதலில் என் வீட்டைப் பற்றி, கொல்லைப்புறமாகவே வந்துபோன சலவைத் தொழிலாளியைப் பற்றி, நானே சொல்லிவிடுகிறேன். தன் கதையைச் சொல்லத் துணியாத ஆசிரியர் மாணவரிடம் கதை கேட்பது வற்புறுத்தலாகிவிடும் என்று பெல் ஹூக்ஸ் 1994இலேயே எழுதினார். ஒருமுறை ஒரு மாணவர், "எங்க வீட்ல அதெல்லாம் பாக்கறதில்ல சார்" என்று முடித்துக்கொண்டார். பக்கத்து மாணவி கேட்டார்: "வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் காப்பி எந்த டம்ளர்லப்பா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் தனி டம்ளர், அதை வைக்கும் ஜன்னல் திட்டு, அதை வைக்கச் சொன்ன பாட்டி என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. நான் கேட்டிருந்தால் அது விசாரணை ஆகியிருக்கும்; அவரும் பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல ஏதாவது சொல்லியிருப்பார்.

டம்ளரோடு விட்டுவிட்டால் அது வெறும் வம்பு. அனுபவம் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை விளக்கியாக வேண்டும் என்று ஜோன் ஸ்காட் 1991இல் வாதிட்டார். அடுத்த வாரம் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' வாசித்தோம். 1990இல் நூலாக வந்த சின்னப் பிரதி. சிறுவயதில் தண்ணீர் கிடைக்காமல் அவர் போன பயணம் அதில் இருக்கிறது. ஜன்னல் திட்டைச் சொன்னவர்தான் அன்றைக்கு அதிகம் பேசினார்.

இப்போது கதைக்கும் அகமதிப்பீட்டு மார்க் போடச் சொல்கிறார்கள். யாருடைய வலிக்கு எத்தனை மார்க்? வாசித்த நூல் பற்றிய கட்டுரைக்கு மட்டுமே நான் போடுகிறேன். கதை சொல்லாமல் இருக்கவும் மாணவருக்கு உரிமை உண்டு. ஆனால் தலித் மாணவரின் மௌனமும் மற்றவரின் மௌனமும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. முன்னதில் தலையிடுவதில்லை. மற்றதைப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். அதற்கு வகுப்பில் நேரம் விட்டு வைக்கிறேன்.