"நான் என்ன பாவம் செஞ்சேன்?"



கழுத்து நிற்க வேண்டிய மாசத்தில் பிள்ளைக்குக் கழுத்து நிக்கல. உட்கார வேண்டிய வயசில் உட்காரல. ஆஸ்பத்திரியில் மூளை முடக்குவாதம் என்கிறார்கள். அன்றிலிருந்து அந்தத் தாய்க்குத் தூக்கம் கிடையாது. கிரகணத்தன்னைக்கு வெளியே போனேனே, அதனாலயா? ஏழு மாசத்திலும் களையெடுக்கப் போனேனே, அதனாலயா?

இது பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாளிலோ வளரும் மூளையில் ஏற்படுகிற பாதிப்பு. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணம் பல. நிறையப் பிள்ளைகளுக்கு இதுதான் காரணம் என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

படித்தவர்களே தாயைக் குறை சொன்ன காலமும் உண்டு. தாய்க்குப் பாசம் இல்லாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று 1950களில் அமெரிக்காவில் பேசினார்கள். 1964ல் பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அது தவறு என்று புத்தகமே எழுதினார். அவரும் அப்படி ஒரு பிள்ளைக்கு அப்பா. இன்று அந்தப் பழியை மருத்துவ உலகம் ஏற்பதில்லை. பெரிய டாக்டர்கள் பேச்சே தப்பாகியிருக்கு, திண்ணைப் பேச்சு எம்மாத்திரம்!

விவரம் தெரிஞ்சதும் துக்கம் போயிடுமா? போகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவரும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். அலுத்துப்போன ராத்திரியில் 'இது ஏன் பிறந்தது' என்றுகூடத் தோணும். நினைப்பு வந்ததாலேயே நாம் கெட்ட தாய் ஆகிவிட மாட்டோம். 'நான் சரியாத்தான் பார்த்துக்கிறேனா' என்ற சந்தேகமும் கூடவே இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். அழுகை வந்தால் அழுதுவிட்டு, பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். மனசு சரியாகட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு நாள் வீணாகும். சின்ன வயசில் தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். எங்கே போவது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

குழுவில் நாம் "அழாதே, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வதை நிறுத்தலாம். மூளை முடக்குவாதம் முழுசாகச் சரியாகிவிடும் நோய் இல்லை. அது அந்தத் தாய்க்கும் தெரியும். கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் போடுவதற்குப் பதில், மாசம் ஒரு கூட்டத்தை அவங்க வீட்டுத் திண்ணையில் வைக்கலாம். அவங்க குளிச்சு, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுக்கிற வரைக்கும் ஒருத்தர் பிள்ளையை மடியில் வச்சுக்கலாம்.

சாப்பிடப் பிடிக்காமல், உயிர் வாழவே பிடிக்காமல் போனால் அது தனியாகத் தாங்க வேண்டிய துக்கம் இல்லை. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். போன் இல்லாதவருக்கு ஊக்குநர் தன் போனைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.