ஓக் தழையின் துவர்ப்பு

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் உண்மையில் காய் அன்று. மேற்காசியாவில் வளரும் ஓர் ஓக் மரத்தின் இளங்கிளையில் குளவியினத்துச் சிறு பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சே அது. அதைச் சுவைத்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள், ஓக் இனத்து மரங்களின் பட்டையிலும் வைரத்திலும் இலையிலும் உண்டு.

குமாயூன், கார்வால், இமாசலப் பிரதேசம் ஆகிய மலைப்பகுதிகளில் 'பாஞ்ச்' எனப்படும் ஓக் மரமே குளிர்காலத் தீவனக் களஞ்சியம். புல் காய்ந்தபின் பெண்கள் மரமேறித் தழை ஒடித்து வருகின்றனர். முதிர்ந்த இலையை மற்றத் தீவனத்துடன் அளவாகத் தின்னும் மாட்டுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. இளவேனிற்காலத்தில்தான் அபாயம். வைக்கோல் தீர்ந்து, பசியோடிருக்கும் மாடு, அப்பொழுது துளிர்க்கும் தளிரையே வயிறு நிறைய மேய்ந்துவிடுகிறது.

புரதத்தைப் பற்றிக்கொள்வது டானினின் இயல்பு. தோல் பதனிடுவோர்க்கு உதவுவதும் அதுவே. ஓக் டானினோ வயிற்றில் சிதைந்து காலிக் அமிலம், பைரோகாலால் முதலியனவாக மாறும். இவை இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைச் சிதைக்கின்றன. மாடு சோர்ந்து, தீனி மறுத்து, அசைபோடாது நிற்கும். சாணம் இறுகிச் சளியும் இரத்தமும் பூசியிருக்கும். பின்னர்த் தாடையடியிலும் மார்பிலும் வயிற்றடியிலும் நீர்கோத்து வீங்கும். வீக்கம் கண்டபின் மருத்துவத்தால் ஆகக்கூடியது சொற்பமே. இதற்கென்று தனி முறிமருந்தும் இல்லை. ஆதலால் மலச்சிக்கல் தோன்றிய அன்றே தழையை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்கச் செய்தல் களப்பணியாளரின் கடமை. தளிர்க்காலத்திற்கென்று சிறிது வைக்கோலை ஒதுக்கி வைக்கும்படி முன்பே கூறுவது அதனினும் பயனுள்ளது. அமெரிக்காவில் துணைத்தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு கலந்தளித்துத் தடுத்துள்ளனர். எனினும் இது முற்காப்பேயன்றிச் சிகிச்சையன்று. வெள்ளாடு இத்தழையை மாட்டைவிட நன்கு தாங்கும். ஆடு தின்பதைக் கண்டு மாட்டுக்கும் போடுவது தவறு.

டானின்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதிற் காட்டலாம். மாசிக்காய்த் தூளையும் ஆவாரம்பட்டையையும் தனித்தனியே கொதிக்கவைத்து வடிகட்டி, ஒவ்வொன்றிலும் அன்னபேதிக் கரைசலைச் சில சொட்டு விடவேண்டும். முன்னது நீலக்கறுப்பாகும், பழங்காலத்து எழுதுமை அதுவே. பின்னது பச்சை கலந்த கறுப்பாகும். பாஞ்ச் தளிரில் மாட்டைக் கொல்வது, மாசிக்காயில் உள்ளதைப்போல் நீரால் சிதையும் இனம்.