பவளம் நின்ற பதினொரு நாள்

சில வாரங்களுக்கு முன்பு எமது கல்லூரியில் நளவெண்பா வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாகுகன் என்னும் பெயரோடு மறைந்து வாழும் நளன், இருதுபன்னனைத் தேரேற்றிக்கொண்டு விதர்ப்ப நாட்டுக்கு விரைகின்ற பகுதி. நளன் குதிரையின் குணமறிந்தவன். பாரதத்தில் நகுலனும் அத்தகையவனே. விராட நகரத்தில் ஒளிந்திருந்த காலத்து அவன் மேற்கொண்ட தொழிலும் குதிரை பேணுவதுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பரி, புரவி, இவுளி, துரகம் என்று நிகண்டுகள் தரும் பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, அவற்றுட் சில விரைவென்னும் பொருளடியாகப் பிறந்தவை என்றும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, ஓடுகின்ற குதிரையைத்தானே எல்லாப் புலவர்களும் பாடியிருக்கிறார்கள். கால் முறிந்த குதிரையை என்ன செய்வார்கள்? கொன்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது பாவம் அல்லவா?” என்றாள்.

அந்தக் கணத்தில் மணி அடித்தது. “நாளை சொல்கிறேன், பிள்ளை” என்று கூறி வகுப்பை விட்டு வெளியேறினேன். மணி என்னைக் காப்பாற்றியது என்றே சொல்லவேண்டும். அக்கேள்விக்கு விடை தேடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நானே அலைந்துகொண்டிருக்கிறேன்.

என் தாயார் பிறந்த ஊர் நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவு கடலிற் சென்றால் அத்தீவை அடையலாம். மண் சாணளவு, அதன் கீழே சுண்ணக்கல். வயலென்றும் வளவென்றும் பிரிப்பன முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் அரசினர் குதிரை வளர்த்த நிலம் அது. அவர்கள் போன பின்பும் குதிரைகள் போகவில்லை. அவற்றின் வழித்தோன்றல்களாகிய மட்டக்குதிரைகள் இன்றும் கூட்டங் கூட்டமாக அங்கே மேய்கின்றன. என் சிறுவயதில், அவற்றைப் பிடித்துப் பழக்கி வீட்டில் வைத்திருந்தோரும் சிலர் இருந்தனர். என் தாய்வழிப் பேரனார் அவர்களுள் ஒருவர். அவரை நாங்கள் அப்பு என்போம். அவர் வளர்த்த பெண்குதிரைக்குப் பவளம் என்று பெயர். செம்மை படர்ந்த மேனி. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அப்பு அதன் முதுகில் ஏறித்தான் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போவார். ஊரில் யாருக்கேனும் இரவிற் சுகவீனம் என்றால் பரியாரியாரை ஏற்றிவரப் பவளமே போகும்.

1979ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். எனக்கு அப்பொழுது வயது பத்து. மழை இரண்டு நாள் விடாது பெய்து ஓய்ந்த காலையில், மேயப்போன பவளம் திரும்பவில்லை. தேடிப்போன அம்மானோடு நானும் ஓடினேன். மழையிற் சரிந்து கிடந்த கல்வேலியைக் கடக்க முயன்று, கற்களின் இடுக்கில் வலது முன்னங்கால் அகப்பட்டு, அது வீழ்ந்து எழுந்து நின்றது. முழங்காலுக்குக் கீழே கால் வேறொரு திசையில் திரும்பியிருந்தது. தோல் கிழியவில்லை, இரத்தமும் இல்லை. அது கத்தவும் இல்லை. குதிரை வலியிற் பெரும்பாலும் வாய் திறவாது என்பதை நான் அறிந்தது அன்றுதான்.

அங்கேதான் எங்கள் முதற் பிழை நிகழ்ந்தது. “வீட்டுக்குக் கொண்டுபோனால் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று அப்பு சொன்னார். கற்கள் நிறைந்த ஒழுங்கையில் அரைக்கட்டை தூரம், மூன்று காலால் அதைத் தத்தித் தத்தி நடக்கவைத்துக் கொண்டுவந்தோம். வாசலை அடைந்தபோது முறிந்த என்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அன்பு மிகுதியாற் செய்த காரியம் அது. ஆயினும் காயத்துக்கு அன்பு என்றும் பகை என்றும் வேற்றுமை தெரியாது.

அன்று மாலை முற்றத்தில் ஊரே கூடியது. அம்மான், “இப்பவே ஒரு முடிவு செய்யவேணும், அப்பு. துவக்கு வைச்சிருக்கிற ஆளைக் கூப்பிடுவம்” என்றார். ஆச்சி பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தா. அயலவர் ஒருவர், “வெளியிலே கொண்டுபோய் விடுங்கோ, விதி இருந்தாற் பிழைக்கும்” என்றார். என் தந்தையார் ஆசிரியர், விடுமுறைக்கு வந்திருந்தவர். “நாளைக் காலமை முதற் படகிலே ஆளனுப்பி, மிருக வைத்தியரைக் கூட்டிவருவம், மாமா” என்றார். தீவில் அப்பொழுது மிருக வைத்தியர் இருக்கவில்லை.

அப்பு எல்லாரையும் பார்த்தார். “டொக்டர் வந்தால் ஊசியோடைதான் வருவார். என்ரை வளவிலே ஓர் உயிரைக் கொல்ல விடமாட்டன்” என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை.

முறிவுக்குப் பற்றுப் போடும் பரியாரியார் வந்தார். என்பை உள்ளே தள்ளி, உளுத்தம் மாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்துப் பூசி, பனைமட்டைச் சிலாகைகளை வைத்துச் சீலையால் இறுகக் கட்டினார். மனிதருக்கு அவர் கட்டிய கட்டுப் பிழைத்ததில்லை என்பது ஊரார் நம்பிக்கை. சாக்குகளை இரட்டையாகத் தைத்துப் பவளத்தின் வயிற்றின் கீழே கொடுத்து, மாட்டுக்கொட்டிலின் வளையிற் கயிற்றாற் கட்டி, அது விழாமல் நிற்கச் செய்தோம். அப்பு கொட்டிலிலேயே பாய் விரித்துப் படுத்தார். புல்லை நறுக்கிக் கையால் ஊட்டினார். ஊரெல்லாம் அவரை மெச்சியது. நானும் அவரை ஒரு சிபிச் சக்கரவர்த்தியாகவே எண்ணினேன்.

ஐந்தாம் நாள் கட்டினுள்ளிருந்து நாற்றம் எழுந்தது. ஏழாம் நாள் பவளம் இடது முன்னங்காலையும் ஊன்ற மறுத்தது. அந்தக் குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்புக்கல் போலச் சுட்டது. சாக்கு உராய்ந்த இடங்களில் தோல் உரிந்தது. ஒன்பதாம் நாள் அது புல்லை வாயில் வாங்கி, மெல்லாமலே கீழே விட்டது. அன்றிரவுதான் அப்பு என் தந்தையாரை எழுப்பி, “தம்பி, டொக்டருக்கு ஆளனுப்பு” என்றார். கடல் கொந்தளித்து இரண்டு நாட் படகு ஓடவில்லை. பதினோராம் நாள் அவர் வந்தார்.

வைத்தியர் இளைஞர். சேறு படிந்த காற்சட்டையோடு கொட்டிலில் முழந்தாளிட்டு நெடுநேரம் பார்த்தார். பின்பு வெளியே வந்து, “அப்பு, முறிந்த கால் இதைக் கொல்லவில்லை. நல்ல கால்தான் கொல்லுகிறது” என்றார்.

அதன் பொருளை நான் பின்னர் படித்துத் தெளிந்தேன். குதிரையின் பாரத்தில் ஏறத்தாழ அறுபது வீதத்தை முன்னங்கால்கள் இரண்டுமே தாங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. தோலும் நரம்பும் என்புமே உள்ளன. ஆகையால் முறிந்த என்பு எளிதில் வெளியே வரும். இரத்தவோட்டம் குறைவாதலால் ஆறுவதும் அரிது. மனிதனைப் போலப் படுக்கையிற் கிடத்தலாம் என்றால், நெடுநாட் படுத்த குதிரைக்கு நுரையீரலும் தசையும் குடலும் கெடும். நிற்கவைத்தாலோ, மற்றைக் கால் இடைவிடாது பாரம் சுமக்கும். குளம்பின் ஓட்டையும் உள்ளிருக்கும் என்பையும் இணைத்து நிற்கும் மெல்லிய மடிப்புகளுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டு, அவை அழன்று பிரியத் தொடங்கும். நகம் சதையிலிருந்து பிரிவதை எண்ணிப் பார்த்தால் அவ்வேதனை ஓரளவு விளங்கும். அந்த நகத்தின்மேலேயே உடல் முழுவதும் நிற்கவும் வேண்டும்.

பொருளும் மருத்துவமும் குறைவில்லாத இடத்திலும் இதுவே நிகழ்ந்ததுண்டு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பிப் பந்தயத்தில் வென்ற பார்பரோ என்னும் குதிரை, இரண்டு வாரத்தின் பின் மற்றொரு பந்தயத்தில் வலது பின்னங்கால் முறிந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையத்திற் சத்திர சிகிச்சை செய்து, உலோகத் தகட்டாலும் திருகாணிகளாலும் என்பைப் பொருத்தினர். ஆயினும் இடது பின்னங்காலின் குளம்பில் இந்நோய் கண்டது. எட்டு மாதப் போராட்டத்தின் பின், 2007 சனவரி 29இல், இனி வலியின்றி வைத்திருக்க முடியாது என்று கண்டு, உரிமையாளரும் மருத்துவரும் அதற்கு அமைதியான முடிவைத் தந்தனர். இதனாற் கால் முறிந்த குதிரை எதுவும் பிழைக்காது என்று கொள்ளலாகாது. முறிவு எளியதாய், தோல் கிழியாததாய், உடல் பாரம் குறைந்ததாய் இருந்து, முதலிலேயே தக்க சிகிச்சை கிடைத்தாற் பிழைத்தவையும் உண்டு. மட்டக்குதிரைக்கும் குட்டிக்கும் அவ்வாய்ப்புச் சற்று அதிகம். என் நெஞ்சில் இன்றும் தைப்பது இதுவே.

மீண்டும் அந்த முற்றத்துக்கு வருகிறேன். வைத்தியர் தம் முடிவைச் சொல்லிவிட்டு, “ஆனால் நீங்கள் சம்மதிக்காமல் ஊசியைத் தொடமாட்டேன்” என்றார். அப்பு திண்ணையில் இருந்தார். என் தந்தையார் அவர் அருகே அமர்ந்து காந்தியடிகளைப் பற்றிச் சொன்னார். 1928இல் சபர்மதி ஆச்சிரமத்தில் தீராத நோயால் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்கு, அவர் மருத்துவரைக் கொண்டு ஊசி போடுவித்து உயிர் நீங்கச் செய்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் அதை மறைக்கவில்லை. தம் பத்திரிகைகளில் எழுதி விளக்கினார். தீர்க்க வழியில்லாத வேதனையை நீட்டாமையும் அகிம்சையுள் அடங்கும் என்பது அவர் கருத்தின் சாரம். இவற்றை என் தந்தையார் மெல்லச் சொல்லி முடித்தார்.

அப்பு அதற்கு மறுமொழி சொல்லவில்லை. வைத்தியரை நோக்கி, “முதல் நாளே உங்களைக் கூப்பிட்டிருந்தாற் பிழைச்சிருக்குமோ?” என்று கேட்டார்.

வைத்தியர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த முதியவருக்கு அது பெரிய உபகாரமாகவும் இருந்திருக்கும். அவர் சற்றுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “உறுதி சொல்ல முடியாது, அப்பு. ஆனால் நடத்தாமல் விழுந்த இடத்திலேயே வைத்துக் கட்டியிருந்தால், ஒரு வழி பார்த்திருக்கலாம்” என்றார்.

“சரி” என்றார் அப்பு. எழுந்து உள்ளே போய் ஒரு துண்டு பனங்கட்டி எடுத்துவந்தார். பவளம் அதை நக்கியது, தின்னவில்லை. அதன் தலையைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டு, “செய்யுங்கோ” என்றார். நாங்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் திருப்பவில்லை. ஊசி ஏறிய சிறிது நேரத்திற் கயிறுகள் இறுகின. பதினொரு நாள் நின்ற உடல் சாக்கின்மேற் சாய்ந்தது. சுண்ணக்கல் நிலத்திற் குழி தோண்ட முடியாதாகையால் வண்டிலிற் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலிற் புதைத்தோம்.

அன்றிரவு அப்புவின் அருகே படுத்திருந்தேன். அவரும் உறங்கவில்லை. இருட்டில் அவர் சொன்னது இன்றும் என் செவியில் இருக்கிறது:

“பவளத்தை நல்லாப் பார்த்தனான் எண்டு ஊர் சொல்லுது. நான் பவளத்தைப் பார்க்கேல்லை, மோனை. என்ரை பயத்தைத்தான் பார்த்தனான்.”

எங்கள் பேச்சுத் தமிழில் ‘பார்த்தல்’ என்பது காணுதலுக்கும் பெயர், பேணுதலுக்கும் பெயர். நோயாளியைப் பார்க்கிறோம், பெற்றோரைப் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்க்கிறோம். காணாதவன் பேண முடியாது என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது. அப்பு பதினொரு நாளும் உறங்காது பேணினார். ஆனால் தம் கையாற் கொலைப்பாவம் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் கண்ணை மறைத்தமையால், எதிரே நின்ற உயிரின் வலியைக் காணவில்லை. வைத்தியர் சொல்லப்போகும் விடைக்கு அஞ்சி வைத்தியரையே அழையாது விட்டார். அவ்விடை முதல் நாளில் வேறாக இருந்திருக்கவும் கூடும்.

பாட்டனாரைக் குறைகூற இதனை எழுதவில்லை. தம் குற்றத்தைப் பத்து வயதுப் பேரனிடம் ஒளியாது சொன்ன மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. நெடுந்தீவுக் குதிரைகள் இன்றும் வறட்சியில் நீரின்றி வருந்துகின்றன. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே போகும்போதெல்லாம் நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள குதிரை கண்ணிற் படுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவிக்கு இவ்வளவையும் சொன்னேன். “கொல்லுவது பாவமா, இல்லையா என்பது பின்னால் வருகின்ற கேள்வி, பிள்ளை. அதற்கு முன் கேட்கவேண்டியவை வேறு. விழுந்த இடத்தை விட்டு அதை நடத்தாமல் வைத்தோமா? அறிந்தவரை உடனே அழைத்தோமா? நம் ஆறுதலுக்காக அதன் வேதனையை நீட்டுகிறோமா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொன்னவன் எந்த முடிவைச் செய்தாலும், அவன் கையை நான் பழிக்கமாட்டேன்” என்றேன்.

அவள் சிறிது யோசித்து, “அந்த வைத்தியர் ஏன் ஐயா பொய் சொல்லவில்லை?” என்று கேட்டாள்.

அன்று மணி அடிக்கவில்லை. “அடுத்த குதிரைக்காக” என்றேன்.