கண்காணிப்பு ஒளிப்படக்கருவியின் பிரிதிறன்

கண்காணிப்பு ஒளிப்படக்கருவியின் பிரிதிறன் என்பது, அக்கருவி பதிவு செய்யும் படத்தில் எவ்வளவு நுணுக்கமான விவரங்களைப் பிரித்தறியலாம் என்பதைக் குறிக்கும் அளவாகும். விற்பனையில் இது பெரும்பாலும் மெகாபிக்சல் எண்ணிக்கையாகவே தரப்படுகிறது. எனினும் திருட்டு நிகழ்ந்த பின் பதிவிலுள்ள முகத்தை அடையாளம் காண இயலுமா என்பதை அவ்வெண் மட்டும் தீர்மானிப்பதில்லை. படப்புள்ளிகள் எவ்வளவு அகலமான காட்சியின் மீது பரவியுள்ளன என்பதே முதன்மையானது.

படப்புள்ளி அடர்த்தி

படத்தின் கிடைமட்டப் படப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் காட்சியின் அகலத்தால் வகுத்தால், மீட்டருக்கு எத்தனை படப்புள்ளிகள் என்பது கிடைக்கும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஐஇசி 62676-4 தரத்தின்படி, ஆள் இருப்பதைக் கண்டறிய மீட்டருக்கு 25 படப்புள்ளிகளும், முன்பே அறிந்த ஒருவரை இனங்காண 125உம், அறியாத ஒருவரின் அடையாளத்தை உறுதி செய்ய 250உம் தேவை. சுமார் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள முகத்துக்கு 250 என்பது ஏறத்தாழ 40 படப்புள்ளிகளே; தாராளமான அளவன்று.

1920×1080 படப்புள்ளிகள் கொண்ட கருவியால் 250 என்ற அளவில் 7.68 மீட்டர் அகலத்தை மட்டுமே காட்ட முடியும். 30 மீட்டர் அகல வாகன நிறுத்துமிடம் முழுவதையும் நோக்கும் 3840×2160 கருவி மீட்டருக்கு 128 படப்புள்ளிகளையே தருகிறது. 3 மீட்டர் அகல வாசலை நோக்கும் 1280×720 கருவியோ 426 தருகிறது. இரண்டாவது கருவியின் மொத்தப் படப்புள்ளிகள் முதலாவதில் ஒன்பதில் ஒரு பங்கே.

வில்லையும் தொலைவும்

காட்சியின் அகலம் = உணரியின் அகலம் × தொலைவு ÷ வில்லையின் குவியத்தூரம்.

4.8 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரியுடன் 4 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால், 10 மீட்டர் தொலைவில் காட்சியின் அகலம் 12 மீட்டர். 1920 படப்புள்ளிகள் எனில் மீட்டருக்கு 160. தெரிந்தவரை இனங்காணலாம், அந்நியரை உறுதி செய்ய இயலாது. 12 மில்லிமீட்டர் வில்லையை மாற்றினால் அது 480 ஆகிறது, ஆனால் காட்சி 4 மீட்டராகச் சுருங்குகிறது. மொத்தப் படப்புள்ளிகளை நான்கு மடங்காக்கினாலும் அடையாளம் காணும் தொலைவு இரு மடங்கே கூடும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

நடைமுறைக் குறைபாடுகள்

மேற்கண்ட கணக்கு நல்ல ஒளியில், அசையாத பொருளுக்கே பொருந்தும். இரவில் மூடுவேகம் 1/25 நொடியாகக் குறையுமானால், நொடிக்கு 1.4 மீட்டர் நடப்பவர் அந்நேரத்தில் 5.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். அடர்த்தி 250 எனில் இது 14 படப்புள்ளி அளவு மங்கல். 40 படப்புள்ளி முகத்தில் கண்ணும் மூக்கும் கலந்துவிடும். ஒரே அளவுள்ள உணரியில் படப்புள்ளிகளைக் கூட்டும்போது ஒவ்வொன்றும் பெறும் ஒளி குறைவதால், இரவுப் படத்தில் இரைச்சல் மிகலாம். சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தச் செய்யப்படும் மிகையான சுருக்கமும் நுண்விவரங்களை அழிக்கும். கருவியை மிக உயரத்தில் பொருத்தினால் தொப்பியும் உச்சந்தலையுமே பதிவாகும்.

திரைப்படங்களில் காட்டுவதுபோல், பதிவாகாத விவரத்தைப் பின்னர் பெரிதாக்கிப் பெற இயலாது. அவ்வாறு தெளிவாக்கும் மென்பொருள்கள் விடுபட்டவற்றை ஊகித்தே நிரப்புகின்றன.

தெரிவு செய்தல்

முதலில் எந்த இடத்தில் யாரை அடையாளம் காண வேண்டும் என்பது முடிவு செய்யப்படுகிறது. அவ்விடத்தின் அகலத்தை 250ஆல் பெருக்கினால் தேவையான கிடைமட்டப் படப்புள்ளிகள் கிடைக்கும். அனைவரும் கடந்தாக வேண்டிய வாசலுக்குக் குறுகிய காட்சியுள்ள ஒரு கருவியும், நடமாட்டத்தை அறிய அகன்ற காட்சியுள்ள மற்றொன்றும் அமைப்பது வழக்கம். பொருத்திய பின், ஒருவரை அவ்வாசல் வழியே பகலிலும் இரவிலும் நடக்கச் செய்து, நேரடிக் காட்சியை அல்லாமல் சேமிக்கப்பட்ட பதிவைப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.