குட்டிக்கு ஆறு வாரம்தான் அவகாசம்!

நாய்க்குட்டி வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் முதலில் நடப்பது பெயர்ப் பட்டிமன்றம். அடுத்தது கழுத்துப்பட்டை, சாப்பாட்டுக் கிண்ணம், மெத்தை என்று ஷாப்பிங். 'உட்கார்', 'கை கொடு' எல்லாம் கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அதில் தவறில்லை, அவற்றை எந்த வயதிலும் கற்றுத்தரலாம். தள்ளிப்போடக் கூடாத பாடம் வேறொன்று: ஆட்களையும் சத்தங்களையும் தெருவையும் கண்டு மிரளாமல் இருப்பது.

இந்தப் பாடத்துக்கான பருவம் ஏறக்குறைய 3-வது வாரத்தில் தொடங்கி 14-வது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. வேலியிட்ட வெளியில், மனித வாடையே படாமல் குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சிலவற்றை எடுத்து மனிதர்களோடு பழக்கினார்கள். சிறு வயதில் வந்தவை ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை விடப்பட்டவை காட்டு விலங்குபோல் ஆகிவிட்டன. பிறகு எவ்வளவு முயன்றும் முழுதாகப் பழகவில்லை. 1961-ல் வெளியான முடிவு இது.

அதற்காக நான்கு வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தூக்கிவரக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதற்கு இந்தியாவில் 2017-ம் ஆண்டு விதிகளின்படி தடை இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது உடன்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான். ஆக, எட்டாவது வாரத்தில் வீட்டுக்கு வருகிற குட்டியிடம் நமக்கு மிச்சமிருப்பது ஆறே வாரம்.

ஊசியா, ஊர் சுற்றலா?

இங்கேதான் ஒரு சிக்கல். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற கொடிய நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16-வது வாரம் வரை போகும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தையொட்டி. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், 'ஊசி முடியும்வரை வெளியே விடாதீர்கள்' என்று டாக்டர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஊசி முடியும்போது பாடத்துக்கான பருவமும் முடிந்திருக்கும்.

அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவச் சங்கம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் பாதுகாப்பான இடங்களில் பழக்கத் தொடங்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்குத் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறுகளே பெரிய காரணம் என்பது அவர்கள் வாதம்.

நம் ஊரில் இதைச் செய்ய எளிய வழி, குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போவது. தோளில் சாய்த்தபடி தெருமுனைவரை போய் பஸ், ஆட்டோ, பள்ளிக்கூட மணி, கோயில் மேளம் எல்லாவற்றையும் காட்டலாம். தடுப்பூசி போட்ட நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். தெருநாய்கள் திரியும் இடம், குப்பைமேடு, பூங்காப் புல்தரை ஆகியவை மட்டும் வேண்டாம்.

குக்கர் விசிலும் ஒரு பாடம்

வீட்டுக்குள்ளேயும் பாடத்துக்குப் பஞ்சமில்லை. மிக்ஸி, குக்கர் விசில், ஹெல்மெட்டோடு நுழைகிறவர், சிலிண்டர் உருளும் சத்தம், குடை, ஊன்றுகோல், ஓடியாடும் குழந்தைகள். மிக்ஸி சமையலறையில் ஓடும்போது குட்டிக்குக் கூடத்தில் வேகவைத்த கோழித்துண்டு கொடுங்கள். மிரளவில்லை என்றால் அடுத்த நாள் இரண்டடி கிட்டே. வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கினாலோ, காதை மடக்கினாலோ, திரும்பத் திரும்ப உதட்டை நக்கினாலோ இரண்டடி பின்னால் போங்கள். 'பயம் தெளியட்டும்' என்று பிடித்து நிறுத்தினால் பயம்தான் பதியும். தீபாவளி வெடியை முதன்முதலாக ஐப்பசியில் அறிமுகப்படுத்தாமல், அதற்கு முன்பே பட்டாசுச் சத்தத்தைப் போனில் மெல்லிய ஒலியில் கேட்கவிட்டுப் படிப்படியாகக் கூட்டலாம்.

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நாட்டு நாய் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் இரண்டும் அந்நியரை எளிதில் சேர்க்காத காவல் குணம் கொண்டவை. பின்னவை ஓடுவதைக் கண்டால் துரத்தும் வேட்டை ரத்தம். ராஜபாளையம் எடுத்தால் குட்டியின் முதுகுப்பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள். வெள்ளை ரோம நாய்களில் பிறவிச் செவிடு உண்டு.

மூக்கைத் தேய்க்காதீர்கள்

கழிப்பறைப் பழக்கத்துக்கு ஒரே சூத்திரம் நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப்போங்கள்; போன மறுநொடி அங்கேயே பாராட்டித் தின்பண்டம் கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. கூடத்தில் போய்விட்டால் மூக்கைத் தேய்த்து அடிப்பது பழைய வழக்கம். அதில் குட்டி கற்பது, அடுத்த முறை நமக்குத் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் போவதை மட்டுமே. பேசாமல் துடைத்து, வினிகர் கலந்த நீரால் வாடை போகக் கழுவுங்கள்.

கடிப்பதும் இந்த வயதின் இயல்பு. நான்கு மாதம்வாக்கில் 28 பால்பற்கள் விழத் தொடங்கி, 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும். கையை உருவிக்கொண்டு கடிக்க ஒரு பொம்மையைக் கொடுங்கள். செருப்பு, ஒயர், எலி மருந்து ஆகியவை எட்டாத உயரத்துக்குப் போகட்டும். பாயச திராட்சை, சாக்லெட், வெங்காயம், வேகவைத்த எலும்பு எதுவும் கிண்ணத்துக்கு வரக் கூடாது.

குட்டி எடுக்க நல்ல நாள் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அடுத்த ஆறு வாரம் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? பிள்ளைக்குப் பொதுத்தேர்வு, வீட்டில் கல்யாணம், ஆபீஸில் வருடக் கணக்கு முடிப்பு என்றால் குட்டியை அடுத்த ஈற்றில் எடுத்துக்கொள்ளலாம்.