பிள்ளை படிக்குது சரி, புரியுதா?



குழுக் கூட்டத்தில் கடன் பத்திரத்தை ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். எல்லோரும் கேட்டுக்கொள்கிறோம். "ஒரு தவணை தவறினா எவ்வளவு சேர்த்துக் கட்டணும்?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம். எழுத்தை வாசிப்பது வேறு, வாசித்ததைப் புரிந்துகொள்வது வேறு. புரியாமல் கையெழுத்துப் போட்டால் என்ன கஷ்டம் வரும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். நாலாவது, அஞ்சாவது படிக்கும் பிள்ளை புத்தகத்தை எடுத்து மடமடவென்று வாசிக்கிறது. நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன கண்ணு படிச்ச? சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிக்கும்.

இதனால் என்ன நஷ்டம்?

ஒரு கணக்கைப் பாருங்கள். "ராணியிடம் 35 ரூபாய் உள்ளது. இது கலாவிடம் உள்ளதைவிட 10 ரூபாய் அதிகம். கலாவிடம் எவ்வளவு உள்ளது?" 'அதிகம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பிள்ளை கூட்டிவிடும். 45 என்று எழுதும். சரியான விடை 25. பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், கழிக்கவும் தெரியும். கேள்விதான் புரியவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போனால் அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே இப்படித்தான். புரியாததால் மார்க் குறையும். மார்க் குறைந்தால் "எனக்குப் படிப்பு ஏறாதும்மா" என்று பிள்ளையே முடிவு கட்டிவிடும். பெண் பிள்ளை என்றால் "போதும், நிறுத்திடலாம்" என்று பேச்சு எழும். சின்ன வயதிலேயே சரி செய்தால் இந்த நிலை வராது.

படக்கதைப் புத்தகம் எப்படி உதவும்?

பாடப் புத்தகத்தைப் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். கதையை, அடுத்து என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறார்கள். படமும் சேர்ந்திருந்தால் புரியாத வார்த்தைக்குப் படம் துணை நிற்கும். சின்னக் கதையாக இல்லாமல், பல அத்தியாயம் உள்ள நீண்ட கதையாக இருந்தால் இன்னும் நல்லது. நேற்றுப் படித்ததை நினைவில் வைத்தால்தான் இன்றைக்குப் படிப்பது புரியும். அதுவே ஒரு பயிற்சி.

இதற்கு ஏற்ற புத்தகம் ஒன்றைச் சொல்கிறோம். பெயர் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பான் நாட்டைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி என்ற பெண்மணி, தான் சிறுமியாக இருந்தபோது நடந்ததை நாவல் போல எழுதி 1981-ல் வெளியிட்டார். அதற்கு ஓவியர் சிஹிரோ இவாசாகி வரைந்த குழந்தைப் படங்களைச் சேர்த்தார்கள். நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழில் வெளியிட்டுள்ளது. அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

கதை இதுதான். டோட்டோ-சான் துறுதுறுவென்ற பெண். வகுப்பில் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவாள். மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுவாள். ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அம்மா அதை மகளிடம் சொல்லாமல், டோக்கியோவில் உள்ள டோமோயி என்ற வேறு பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். அங்கே பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை! தலைமை ஆசிரியர் கோபயாஷி அந்தச் சிறுமியை உட்காரவைத்து, அவள் பேசுவதை நாலு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார்.

வீட்டில் செய்யும் முறை

தினமும் 20 நிமிடம் போதும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

1. முதலில் படம். வாசிக்கும் முன் படத்தைக் காட்டி, "இதுல யாரு இருக்கா? என்ன பண்றா? சந்தோஷமா இருக்காளா, வருத்தமா இருக்காளா? எதை வச்சுச் சொல்ற?" என்று கேளுங்கள். கதை எப்படிப் போகும் என்று பிள்ளை ஊகித்துச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. வாசித்த பிறகு, "நீ நினைச்ச மாதிரி நடந்துச்சா?" என்று கேட்டால் போதும்.

2. கொஞ்சமாக வாசித்தல். ஒரு பக்கம் வாசித்ததும் நிறுத்துங்கள். "இதுவரைக்கும் நடந்ததை உன் வார்த்தையில சொல்லு." புத்தகத்தில் உள்ளபடி ஒப்பிக்க வேண்டாம். நம் வீட்டுப் பேச்சில் சொல்லட்டும். சொந்த வார்த்தையில் சொல்ல முடிந்தால் புரிந்தது என்று அர்த்தம்.

3. மூன்று வகைக் கேள்வி. முதல் வகைக்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கும்: "டோமோயி பள்ளியில வகுப்பறை எது?" இரண்டாவது வகைக்குப் பதில் நேராக எழுதியிருக்காது, யோசித்துச் சொல்ல வேண்டும்: "பள்ளியைவிட்டு அனுப்பினதை அம்மா ஏன் மகள்கிட்ட சொல்லல?" மூன்றாவது வகைக்குப் பதில் பிள்ளையின் மனதில் இருக்கும்: "நீ அந்த அம்மாவா இருந்தா என்ன செய்வ?" பெரும்பாலும் முதல் வகையோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த இரண்டிலும்தான் புரிதல் வளர்கிறது.

4. தெரியாத வார்த்தை. உடனே அர்த்தம் சொல்லிவிடாதீர்கள். "முன்னாடி பின்னாடி இருக்கிற வரியைப் படி, படத்தைப் பாரு, என்னவா இருக்கும்?" என்று யோசிக்க விடுங்கள். பிறகு சரியான அர்த்தத்தைச் சொல்லலாம்.

5. நம் வாழ்க்கையோடு சேர்த்தல். டோமோயி பள்ளியில் பிள்ளைகளின் மதிய உணவில் கடலில் கிடைப்பது கொஞ்சம், நிலத்தில் கிடைப்பது கொஞ்சம் இருக்க வேண்டும். இதைப் படித்த அன்று, "நம்ம தட்டுல கடல் எது, நிலம் எது?" என்று கேளுங்கள். கருவாடு கடல், கீரையும் முட்டையும் நிலம் என்று பிள்ளை சொல்லும். சத்துணவு பற்றியும் பேச்சு வரும்.

கோபயாஷி ஏன் திட்டவில்லை?

யோசிக்கவைக்க நல்ல இடம் ஒன்று உண்டு. டோட்டோ-சானின் பர்ஸ் பள்ளிக் கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடும். நீளக் கரண்டி எடுத்துவந்து குழியில் உள்ளதை எல்லாம் வெளியே அள்ளிப் போட்டுத் தேடுவாள். அந்தப் பக்கம் வந்த தலைமை ஆசிரியர் திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடும்படி சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும், "அவரு ஏன் திட்டல?" என்று கேளுங்கள். "அவ மேல நம்பிக்கை" என்று ஒரு பிள்ளை சொல்லும். "அவளே சுத்தம் பண்ணணும்னு" என்று இன்னொன்று சொல்லும். எதைச் சொன்னாலும், "கதையில எந்த இடத்தை வச்சு அப்படிச் சொல்ற?" என்று கேளுங்கள். காரணம் காட்டிப் பேசப் பழகினால் அந்தப் பழக்கம் பரீட்சைக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

எனக்கே படிக்கத் தெரியாதே?

இது பல சகோதரிகளின் கேள்வி. கவலை வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். "எனக்குத் தெரியாது சாமி, நீ சொல்லு" என்று அம்மா உட்கார்ந்தால், பிள்ளை விளக்கிச் சொல்லியே ஆகவேண்டும். விளக்கிச் சொல்லச் சொல்லத்தான் புரியும். கோபயாஷி செய்ததும் காது கொடுத்துக் கேட்டதுதான். வாசிக்கும்போது திக்கினால் அடிக்காதீர்கள், "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்றும் சொல்லாதீர்கள்.

நீளமான புத்தகம் வாசிக்க முடியாத பிள்ளைகளுக்கு, தமிழக அரசு 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் படப் புத்தகங்கள் உள்ளன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக அவற்றைத் தயாரித்தார்கள். பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

ஒவ்வொருவரும் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. முதலில் ஊர் நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் குழுவுக்கு ஒரு பிரதி வாங்கி, வீட்டுக்கு வீடு சுற்றுக்கு விடலாம். வாரம் ஒரு நாள் பிள்ளைகளை ஒரு திண்ணையில் கூட்டி, படித்ததைச் சொல்லச் சொல்லலாம். படம் வரையவும் சொல்லலாம். ஊரில் படித்த பெண் ஒருவர் முன்வந்தால் இன்னும் நல்லது.

சேமிப்பு, கடன் பற்றிப் பேசும் அடுத்த கூட்டத்தில், "நம்ம பிள்ளைங்க படிக்கிறது புரியுதா?" என்பதையும் ஒரு பொருளாக வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நாளைக்குக் கடன் பத்திரமோ, வேலை உத்தரவோ எது கைக்கு வந்தாலும், நம் பிள்ளைகள் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடட்டும்.