2,900 கிலோமீட்டர், நான்கே கால் மணி நேரம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் சென்னை–சிங்கப்பூர் டிக்கெட் எடுத்துவிட நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம். தூரம் ஏறத்தாழ 2,900 கி.மீ.; ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டிலோ நான்கே கால், நாலரை என்று இருக்கிறது.

இணையதளங்கள் சொல்லும் தூரம், பூமியின் வளைவின் மீது இழுத்த மிகக் குறுகிய கோடு. வங்காள விரிகுடா, சுமத்திராவின் வடமுனை, மலாக்கா நீரிணை என்று போகும் உண்மையான வான்பாதை அதைவிடச் சற்று நீளம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகமும் குறைவு.

ஆனால் முக்கிய விஷயம் வேறு. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல. சென்னையில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, தரையிறங்க முறைக்காக வானில் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடக்கம். இதை நிர்ணயிப்பது விமான நிறுவனமேதான். முந்தைய பருவங்களின் பதிவுகளைப் பார்த்து, பெரும்பாலான பயணங்கள் அடங்கும்படி சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது.

இங்கேதான் கவலை. ‘குறித்த நேரத்தில் வந்துசேர்ந்தோம்’ என்ற விளம்பரம் எதை வைத்து அளக்கப்படுகிறது? அதே நிறுவனம் போட்ட அட்டவணையை வைத்து. அதிலும் 15 நிமிடம் வரையிலான தாமதம் தாமதக் கணக்கில் வருவதில்லை. அட்டவணையை நீட்டினாலே போதும், விமானம் துளிகூட வேகமாகப் பறக்காமல் நேரந்தவறாமைச் சதவீதம் உயரும். இப்படிச் சேர்த்த நிமிடங்களைப் பயணியின் டிக்கெட் தனியே காட்டுவதில்லை. பறக்கும் நேரத்தையும் கூடுதல் நேரத்தையும் பிரித்து அச்சிட்டால்தான் அந்தச் சதவீதத்தை நம்ப முடியும்.

இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. விமானமும் ஊழியர்களும் கூடுதல் நேரம் முடங்குவது நிறுவனத்துக்குச் செலவு. பயண நேரம் கூடினால் தேடல் பட்டியலிலும் பின்னுக்குப் போக வேண்டும்.

நீட்டிப்பு எல்லாமே ஏமாற்று வேலையும் அல்ல. ஹாங்காங்–டோக்கியோ தூரமும் ஏறத்தாழ 2,900 கி.மீ.தான். குளிர்காலத்தில் டோக்கியோ போக நான்கு மணி நேரமளவில் ஆகும். திரும்பி வர ஐந்தை ஒட்டும். ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதே காரணம்.

மற்ற கேள்விகள்:

சென்னையில் காலை 9-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் ஏன் பிற்பகல் 3.45? அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

அட்டவணை மாறினால் ஏற்கெனவே எடுத்த டிக்கெட்? செல்லும், புதிய நேரத்தை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

சாங்கியிலிருந்து தனி டிக்கெட்டில் வேறு விமானம் பிடிப்பவர்கள்? முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது. இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும்.